அளவுக்கு மிஞ்சிய அஞ்சல்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தபாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடிதங்கள் தோட்ட ஆபீசுக்கு வந்து சேரும். கிராணி பெயர் படித்துக் கொடுப்பார். ஆனால், யாராவது பெரிய பொட்டலம் ஒன்றை அனுப்பிவிட்டால் அது தோட்டத்துக்கு வராது. ஒரு சிறிய அட்டைதான் வரும். பட்டணத்துத் தபால் நிலையத்துக்கு வந்து பார்சலைப் பெற்றுக்கொள்ளுமாறு அதில் எழுதியிருக்கும். அந்த அட்டையையும் அடையாளக் கார்டையும் எடுத்துக்கொண்டு, பஸ் ஏறிப் போய் வாங்கி வருவோம். தபால்காரரின் பை எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவுதான் வீடு தேடி வரும் என்பது நம் பெற்றோர் காலத்திலேயே நாம் கற்றுக்கொண்ட பாடம்.

இன்று காகிதக் கடிதம் குறைந்துவிட்டது. வேலைக்கு மனு, கல்லூரிக்கு விண்ணப்பம், உதவித் தொகைக்குச் சான்றிதழ் என்று யாவும் மின்னஞ்சல் வழியாகப் போகின்றன. ஆனால் அந்தப் பழைய பாடம் மாறவில்லை. மின்னஞ்சலிலும் பைக்கு ஓர் அளவு உண்டு. கடிதத்தோடு இணைத்து அனுப்பும் கோப்பு அந்த அளவை மிஞ்சினால் திரும்பி வந்துவிடும். இந்த எல்லை எப்படி வந்தது, அதைத் தாண்டுவதற்கு மக்கள் என்னென்ன வழிகளைக் கண்டார்கள் என்னும் வரலாற்றையே இன்றைய உரையில் காண்போம்.

இதைப் பேச நாம் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் படித்து முடித்துச் சென்ற ஒரு பெண், எஸ்பிஎம் தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்று, ஒரு கல்வி உதவித் தொகைக்கு விண்ணப்பம் செய்ய வந்தாள். தகப்பனார் செம்பனைக் குலை அறுப்பவர். வீட்டில் கணினி இல்லை. ஆகவே பள்ளியின் மேசைக் கணினியில் நாமே உட்கார்ந்து, சான்றிதழ், பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு என ஒன்பது தாள்களை ஸ்கேன் செய்து, இறுதி நாள் இரவு அனுப்பிவைத்தோம். "போயிடுச்சா சார்?" என்று கேட்டார் தகப்பனார். அனுப்பப்பட்டவை என்னும் பெட்டியில் கடிதம் இருந்தது. "போய்விட்டது" என்று சொன்னோம்.

மறுநாள் காலையில் திறந்து பார்த்தால், கடிதம் திரும்பி வந்திருந்தது. பெறுபவர் ஏற்கும் அளவைவிட அஞ்சல் பெரிது என்று ஆங்கிலத்தில் நாலு வரி. நாள் கடந்துவிட்டது என்று அந்த நிறுவனத்தார் மறுத்துவிட்டனர். அந்தப் பெண் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தகப்பனாரோ, "நமக்கு இந்தக் கம்ப்யூட்டர் வேலையெல்லாம் ஒத்துவராது சார்" என்றார். அந்தச் சொல் சரியன்று என்று எடுத்துக்காட்டவே இந்த வரலாறு.

மின்னஞ்சல் பிறந்தபோது அது வெறும் எழுத்தைச் சுமக்கவே பிறந்தது. 1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், ரே டாம்லின்சன் என்னும் பொறியியலாளர் அர்ப்பாநெட் என்ற கணினி வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாகக் கடிதம் அனுப்பினார். இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பெயரையும் கணினியையும் பிரித்துக் காட்ட இன்று நாம் இடும் அந்தச் சுழித்த குறியை முகவரியில் புகுத்தியவரும் அவரே.

பதினோர் ஆண்டுகள் கழித்து, 1982 ஆகஸ்டில், ஜான் போஸ்டல் என்பவர் அஞ்சல் பரிமாற்றத்துக்கான விதிகளை எழுதி வெளியிட்டார். எஸ்எம்டிபி என்று அழைக்கப்படும் அந்த விதிகள்தாம், பின்னர் பல திருத்தங்களும் சேர்க்கைகளும் பெற்று, இன்றுவரை மின்னஞ்சலின் அடித்தளமாக நிற்கின்றன. ஓர் எழுத்துக்கு ஏழு பிட், ஒரு வரிக்கு மிஞ்சிப்போனால் ஆயிரம் எழுத்து என்று அவை வகுத்தன. ஏழு பிட்டைக் கொண்டு 128 குறிகளைத்தான் எழுத முடியும். ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் நிறுத்தக் குறிகளுக்கும் அது போதுமானது. படத்தையும் பாட்டையும் அந்நாளில் யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

படமும் ஒலியும் எட்டு பிட்டைக் கொண்டு எழுதப்படும் கோப்புகள். எட்டு அடிக் கட்டிலை ஏழு அடி வாசலுக்குள் நுழைப்பது எப்படி? கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். உள்ளே போனபின் மறுபடியும் பூட்ட வேண்டும். இதைத்தான் 1980ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேரி ஆன் ஹார்ட்டன் செய்துகாட்டினார். யூயூஎன்கோட் என்பது அவர் எழுதிய நிரலின் பெயர். மூன்று எட்டுகளைச் சேர்த்தால் இருபத்து நான்கு. அதையே நான்கு ஆறுகளாகவும் பிரிக்கலாம். ஒவ்வோர் ஆறு பிட்டுக்கும் ஓர் எழுத்தை வைத்துவிட்டால், படம் வெறும் எழுத்து வரிசையாக மாறிவிடும். பார்த்தால் பொருளற்ற எழுத்துக் குவியல். பெற்றவர் மாற்றிக்கொண்டால் மீண்டும் படம்.

ஆயினும் இதை ஒவ்வொருவரும் தம் கையால் செய்ய வேண்டியிருந்தது. இந்தத் தொல்லையைத் தீர்த்தவர்கள் நத்தானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்னும் இருவர். மைம் என்ற பொது முறையை அவர்கள் 1992 ஜூனில் வெளியிட்டனர். அதற்கு முன்பே, அவ்வாண்டு மார்ச் 11ஆம் நாள், போரன்ஸ்டைன் அந்த முறையில் ஓர் அஞ்சலை அனுப்பிப் பார்த்தார். அவரும் சேர்ந்து பாடிய நால்வர் குழுவின் படமும் பாட்டும் அதில் இருந்தன. கடிதத்தில் படம் எதற்கு என்று கேட்டவர்களிடம், என்றாவது ஒருநாள் பேரப் பிள்ளைகளின் படம் எனக்கு மின்னஞ்சலில் வர வேண்டும் என்று அவர் சொல்லிவந்தார். அப்போது அவருக்குப் பேரப்பிள்ளை யாரும் இல்லை. தூரத்தில் இருக்கும் மகள் வீட்டிலிருந்து குழந்தை படம் வருமா என்று காத்திருக்கும் நம் தோட்டத்துப் பாட்டிமார்களின் ஆசையும் அதுவேயல்லவா?

மைம் முறை வந்தபின் இணைப்பு என்பது ஒரு பொத்தானை அழுத்தும் வேலையாகிவிட்டது. ஆனால் கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோகும் வேலை உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறும் கணக்கு ஒன்று உண்டு. மாணவச் செல்வங்கள் தாளை எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று எழுத்து நான்காகிறது. வரிக்கு வரி முடிவுக் குறிகளும் சேர்கின்றன. ஆகவே 100 பங்கு சரக்கு, வழியில் ஏறக்குறைய 137 பங்காகப் பருக்கிறது. எல்லை 25 மெகாபைட் என்றால், நம் கோப்பு 18 மெகாபைட்டுக்குள் இருக்க வேண்டும். 20 மெகாபைட் கோப்பை வைத்துக்கொண்டு, 25க்கு உள்ளேதானே இருக்கிறது என்று எண்ணினால் அது 27ஐத் தாண்டித் திரும்பிவிடும்.

இனி, எல்லை ஏன் வந்தது என்று பார்ப்போம். மின்னஞ்சல் கம்பி வழியே நேராக வீட்டுக்கு ஓடி வருவதில்லை. நிலையத்துக்கு நிலையம் இறக்கி வைத்து ஏற்றப்படுகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் முழு அஞ்சலையும் வைத்திருக்க இடம் வேண்டும். ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்பினால், அவர்களுடைய நிலையங்களிலெல்லாம் பிரதிகள் நிறையும்.

அதற்கு மேல் தொலைபேசிக் கம்பியின் கதை. நம் நாட்டில் 1992இல் ஜாரிங் சேவை தொடங்கியது. 1996இல் டிஎம்நெட் வந்தது. மோடம் என்னும் கருவியை வைத்துத் தொலைபேசி வழியாகத்தான் அன்று இணைப்புக் கிடைத்தது. வினாடிக்கு 28,800 பிட் ஏற்றும் மோடத்தில் 5 மெகாபைட் படம் ஒன்று வந்து இறங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடையில் கம்பி அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதைவிடக் கொடுமை, அந்தப் பெரிய அஞ்சலுக்குப் பின்னால் நிற்கும் சிறிய கடிதங்களெல்லாம் வழியடைத்த லாரிக்குப் பின்னால் நிற்கும் சைக்கிள்களைப் போலக் காத்துக் கிடக்க வேண்டும். ஒருவர் அனுப்பிய திருமணப் படத்தால் மற்றொருவரின் வேலைக் கடிதம் தாமதமாயிற்று.

ஆகவே நிலையங்கள் வாசலில் எடைக்கல்லை வைத்தன. 1993இல் முன்வைக்கப்பட்டு 1995இல் நிலைபெற்ற ஒரு சேர்க்கையின்படி, அஞ்சலை ஏற்கும் நிலையம் தான் ஏற்கும் உச்ச அளவை முன்கூட்டியே அறிவிக்கலாம். மிஞ்சினால் 552 என்ற எண்ணைச் சொல்லித் திருப்பிவிடலாம். இதில் நாம் கவனிக்க வேண்டியது, அனுப்புவோர் நிலையத்துக்கு ஓர் அளவு, பெறுவோர் நிலையத்துக்கு வேறோர் அளவு என்பதாகும். நம் வாசலைக் கடந்துவிட்டாலும் அவர்கள் வாசல் திறக்கும் என்று உறுதி கிடையாது. நம் பள்ளியில் நடந்ததும் அதுதான். ஒன்பது தாள்களும் சேர்ந்து 17 மெகாபைட். வழியில் அது 23 ஆயிற்று. நம் நிலையம் 25 வரை ஏற்றது. பெறுபவர் நிலையமோ 10க்கு மேல் ஏற்கவில்லை. கடிதம் அனுப்பப்பட்டவை என்னும் பெட்டியில் இருந்ததும் உண்மை. போய்ச் சேராததும் உண்மை.

எல்லை வந்தவுடன் அதைத் தாண்டும் வழிகளும் வந்தன. அவற்றை மூன்றாக வகுக்கலாம்: சுருக்குவது, பிரிப்பது, வேறிடத்தில் வைத்துவிட்டுச் சீட்டை அனுப்புவது.

சுருக்குவது மிகப் பழைய வழி. 1870, 1871ஆம் ஆண்டுகளில் பிரஷ்யப் படைகள் பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, கடிதங்களைப் புறாக்களின் மூலம் உள்ளே அனுப்பினார்கள். புறா எவ்வளவு சுமக்கும்? ஆகவே ரெனே டாக்ரோன் என்னும் புகைப்படக்காரர், ஆயிரக்கணக்கான செய்திகளை மெல்லிய படச்சுருளில் நுண்ணியதாகப் பதித்து, புறாவின் வாலில் கட்டிய சிறு குழலுக்குள் அடக்கிக் கொடுத்தார். பாரிசில் அதைப் பெரிதாக்கிச் சுவரில் காட்டி, எழுத்தர்கள் பிரதி எடுத்து வீடு வீடாகக் கொடுத்தனர். சுமப்பவரின் வலிமைக்கு ஏற்பச் சுமையைக் குறைத்தனர்.

கணினியிலும் அப்படியே. 1989இல் ஃபில் காட்ஸ் வெளியிட்ட பிகேசிப் என்னும் நிரலால் சிப் என்ற சுருக்கும் முறை பரவியது. தட்டெழுதிய கடிதங்களும் கணக்குத் தாள்களும் இதனால் நன்கு சுருங்கும். ஆனால் புகைப்படத்தை சிப் முறையில் இட்டால் அளவு குறையவில்லையே என்று பலர் திகைப்பதுண்டு. 1992இல் தரம் வகுக்கப்பட்ட ஜேபெக் முறையில்தான் பெரும்பாலான படங்கள் சேமிக்கப்படுகின்றன. அவை முன்பே பிழிந்த துணி. மறுபடி பிழிந்தால் தண்ணீர் வராது.

படத்துக்கும் சான்றிதழுக்கும் வேறு வழி உண்டு. ஓர் ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால், சுருக்குமுன் அது ஏறக்குறைய 26 மெகாபைட். அதையே 150 புள்ளியாக வைத்தால் அகலமும் பாதி, உயரமும் பாதி. ஆகவே அளவு காற்பங்காகி 6.5 மெகாபைட் ஆகும். வண்ணத்தை விட்டுக் கறுப்பு வெள்ளைச் சாயலில் எடுத்தால் அதிலும் மூன்றில் ஒரு பங்கு. அதன்மேல் ஜேபெக் சுருக்கமும் சேரும். எழுத்து தெளிவாகவே இருக்கும். நாம் அன்று அந்த ஒன்பது தாள்களை இப்படி எடுத்திருந்தால், எல்லாம் சேர்த்து 4 மெகாபைட்டுக்குள் அடங்கியிருக்கும். ஸ்கேனரில் ஓர் எண்ணை மாற்றும் வேலை, ஒரு நிமிடம்.

இரண்டாவது வழி, பிரிப்பது. நீண்ட கோப்பைப் பல துண்டாக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டுத் தனித்தனி அஞ்சலாக அனுப்புவது. தொடக்க காலத்தில் இதைக் கையால் வெட்டிக் கையால் ஒட்டினார்கள். மைம் முறையும் இதற்கு இடம் வைத்தது. 1997இல் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்னும் அஞ்சல் நிரலில், இத்தனை கிலோபைட்டுக்கு மேற்பட்ட அஞ்சலைத் துண்டாக்குக என்று ஒரு பெட்டியே இருந்தது. பெற்றவர் துண்டுகளை வரிசைப்படுத்திச் சேர்த்துக்கொள்வார். நல்ல யோசனைதான், ஆனால் ஒரு துண்டு தொலைந்தால் யாவும் வீண். வேறு நிரல் வைத்திருப்பவர்கள் பலருக்குத் துண்டுகளைச் சேர்க்க வழியே இல்லை. கிருமி நிரல்களும் துண்டு துண்டாக நுழைந்து காவலை ஏமாற்றக் கூடும் என்பதால், பல நிலையங்கள் இத்தகைய அஞ்சலைத் தடுத்தன. இன்று இந்த வழி எளிய உருவில்தான் பயன்படுகிறது: ஒன்பது தாள்களை மூன்று கடிதத்தில் மும்மூன்றாக அனுப்பி, மூன்றில் முதலாவது, இரண்டாவது என்று தலைப்பில் குறிப்பது. சேர்க்கும் வேலை இல்லை. ஒவ்வொரு கடிதமும் தனித்தே நிற்கும்.

மூன்றாவது வழி, நம் பார்சல் அட்டையேதான். பொருளைப் பொது இடத்தில் வைத்துவிட்டு, எடுத்துக்கொள்ளும் சீட்டை மட்டும் கடிதத்தில் அனுப்புவது. 2012 ஜூனில் தண்டர்பேர்ட் என்னும் அஞ்சல் நிரல், பெரிய கோப்பைச் சேமிப்பகத்தில் ஏற்றிவிட்டு அதன் முகவரியைக் கடிதத்தில் இட்டுக் கொடுக்கும் வசதியைச் சேர்த்தது. அவ்வாண்டு நவம்பரில் ஜிமெயிலும் டிரைவ் சேமிப்பகத்தின் வழியாக 10 கிகாபைட் வரை அனுப்ப இடமளித்தது. 2016ஆம் ஆண்டின் அவுட்லுக்கும் ஒன்டிரைவ் மூலம் இவ்வழியைத் தழுவியது.

இவ்வழியிலும் எச்சரிக்கை வேண்டும். சீட்டு கையில் இருந்தும் அறைக்குப் பூட்டுப் போட்டிருந்தால் பொருள் கிடைக்காது. கோப்பைத் திறக்கப் பெறுபவருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டும். சில சேமிப்பகங்கள் சில நாளில் கோப்பை நீக்கிவிடும். சில அலுவலகங்கள் இத்தகைய முகவரிகளைத் திறப்பதே இல்லை. அடையாளக் கார்டும் சம்பளச் சீட்டும் யார் கையிலும் போய்ச் சேரக் கூடாதவை. ஆகவே முகவரி தெரிந்த யாவரும் திறக்கலாம் என்று விட்டுவிடுவதும் தவறு.

நான்காவதாக ஒரு வழியைச் சிலர் சொல்வர்; அது வழியன்று. 2010ஆம் ஆண்டின் அவுட்லுக் நிரல், சாதாரண இணைய அஞ்சல் கணக்குகளுக்கு 20 மெகாபைட் என்ற எல்லையைத் தானாகவே வைத்தது. கணினியின் உட்பதிவேட்டில் ஓர் எண்ணை மாற்றினால் அந்த எல்லை உயரும் என்று கண்டுபிடித்துப் பலரும் மகிழ்ந்தனர். உயர்ந்தது நம் வீட்டுக் கதவு மட்டுமே. நிலையத்துக் கதவும் பெறுபவர் கதவும் பழைய உயரத்திலேயே நின்றன. முன்பு அனுப்பும்போதே தடுத்த நிரல், இப்போது அனுப்பிவிட்டு, பின்னால் திருப்பிக் கொண்டு வந்தது. உடனே கிடைத்த எச்சரிக்கையை இழந்து, மறுநாள் ஏமாற்றத்தை வாங்கிக்கொண்டதுதான் மிச்சம்.

நேயர்களே, இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பாருங்கள். எழுத்துக்கென்று கட்டிய பாதையில் படத்தை ஏற்றினார்கள். பாதை தாங்காதபோது எடைக்கல் வைத்தார்கள். எடைக்கல்லைத் தாண்ட, படித்த பொறியியலாளர்களே வெட்டியும் ஒட்டியும் சுருக்கியும் பல ஆண்டுகள் போராடினார்கள். அப்படியிருக்க, ஒரு கோப்பு திரும்பி வந்ததற்காக, நமக்கு இது ஒத்துவராது என்று தோட்டத்துத் தகப்பன் ஒருவர் தலைகுனிய வேண்டியதில்லை. அன்று குறையாக இருந்தது அறிவன்று, தகவல். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஆசிரியராகிய நாமே அதை அறிந்திருக்கவில்லை. ஏற்கும் அளவு 10 மெகாபைட் என்று அந்த விண்ணப்பத் தாளில் ஒரு வரி அச்சிட்டிருந்தாலும் போதுமாயிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு அவ்வாண்டின் வாய்ப்பு போனது போனதுதான். மறு ஆண்டு வேறோர் இடத்துக்கு விண்ணப்பம் செய்தாள். இம்முறை தாள்களை அவளே ஸ்கேன் செய்தாள். நாம் பக்கத்தில் நின்று பார்த்தோம். இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்பே அனுப்பினாள். மறுநாள் வந்து அஞ்சல் பெட்டியைத் திறந்து, திரும்பி வரவில்லை என்று உறுதி செய்துகொண்டபின், அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துக் கிடைத்ததா என்றும் கேட்டாள். கிடைத்தது என்றார்கள்.

இன்று நம் பள்ளிக் கணினிக்கு மேல் ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது. பெறுபவர் ஏற்கும் அளவைக் கேள். அதில் முக்கால் பங்குக்கு நன்கு கீழேயே நில். 150 புள்ளியில் ஸ்கேன் செய். இறுதி நாளுக்குக் காத்திராதே. மறுநாள் பெட்டியைத் திறந்து பார். ஐந்தே வரிகள். உங்கள் பிள்ளைகள் விண்ணப்பம் அனுப்பும் நாளில் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, இந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கணினி தெரியாத பெற்றோரும் கேட்கக் கூடிய கேள்விகள்தாம் இவை.